பல்கலைக்கழக நிதியங்களும் பொறுப்புக்கூறலும்: ஒரு விமர்சன நோக்கு

அறக்கொடை என்பது கொடுப்பவர் கையை விட்டு நீங்கிய கணத்தோடு முடிந்துவிடும் செயலன்று. குளந்தொட்டவன் மறைந்த பின்னரும் அக்குளத்து நீர் எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்ற வினா எஞ்சியே நிற்கும். சோழர் காலத்துக் கோயில்களில் நந்தாவிளக்கு எரிப்பதற்கென விடப்பட்ட ஆடுகளைக் கல்வெட்டுக்கள் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் குறிக்கின்றன. ஆடு மூப்படையும், சாகவுஞ் செய்யும். ஆயினும் மந்தையின் தொகை குறையலாகாது, விளக்குக்குரிய நெய் தவறாது அளக்கப்படல் வேண்டும் என்பதே அத்தொடரின் கருத்தாகும். முதலை அழியாது பேணி, அதன் பயனை மாத்திரம் செலவிடும் இவ்வேற்பாட்டையே இன்றைய பல்கலைக்கழகங்கள் அறநிதி என்ற பெயரில் நடத்துகின்றன. ஆனால் ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. கொடுத்தவர் யார், கொடுத்தது எவ்வளவு, எதன் பொருட்டு என்பனவெல்லாம் கோயிலுக்கு வருவோர் காணத்தக்க வகையிற் சுவரிலே வெட்டப்பட்டன. பல்கலைக்கழகத்தின் பெயரால் நிதி திரட்டும் நிறுவனங்களின் கணக்கோ பெரும்பாலும் மூடிய அறைகளில் இருக்கின்றது.

இவ்வகை நிதியங்கள் மிகப் பரந்து வளர்ந்துள்ள நாடு ஐக்கிய அமெரிக்காவாகும். அங்குள்ள அரச பல்கலைக்கழகங்களுள் முதன்முதலாகக் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கென 1891 இல் இத்தகைய நிதியமொன்று அமைக்கப்பட்டது. பின்னர் ஏறத்தாழ எல்லா அரச பல்கலைக்கழகங்களும் அம்மாதிரியைப் பின்பற்றின. பல்கலைக்கழகம் அரசினுடையது, நிதியமோ சட்டப்படி இலாப நோக்கற்ற தனியார் கூட்டுத்தாபனம். அரச பணத்தை முதலீடு செய்வதற்குள்ள கட்டுப்பாடுகள் நன்கொடைப் பணத்தைத் தடுக்கலாகாது என்பதும், நன்கொடையை அரசு தன் வரவுசெலவுத் திட்டத்துள் விழுங்கிவிடலாகாது என்பதும் இப்பிரிப்புக்குக் கூறப்படும் நியாயங்கள். அவை பொய்யென்று தள்ளத்தக்கனவல்ல. எனினும் அதே பிரிப்பு மற்றொரு வசதியையும் தந்தது: பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தும் தகவற் சட்டங்கள் நிதியத்தின் வாசலில் நின்றுவிட்டன.

நிதியங்கள் தம்மைப் பற்றிக் கூறுங் கூற்றுக்களில் ‘நன்கொடையாளருக்கும் பொதுமக்களுக்கும் பொறுப்புக் கூறுதல்’ என்ற தொடர் தவறாது இடம்பெறும். இரண்டும் ஒரே மூச்சிற் சொல்லப்படுவதாலேயே இரண்டும் ஒரே பொருளன என்ற மயக்கம் தோன்றுகின்றது. நன்கொடையாளர் கேட்பது தம் பணம் தாம் குறித்த நோக்கத்துக்கே சென்றதா என்பதை. அவருட் சிலர் தம் பெயர் மறைக்கப்படுவதையும் விரும்புவர். பொதுமக்கள் கேட்பதோ பணந் தந்தவர் யார், அதற்கு ஈடாக அவர் பெற்றது என்ன என்பதை. இவ்விரு கோரிக்கைகளும் பல வேளைகளில் எதிரெதிராக இழுப்பன. நிதியங்கள் வெளியிடும் ஆண்டறிக்கைகள் இம்முரண்பாட்டைத் தொடுவதில்லை. வழவழப்பான தாளில் புலமைப்பரிசில் பெற்ற மாணவியின் புன்னகையும், நிதி வளர்ந்த விதத்தைக் காட்டும் வட்ட வரைபடமும் அவற்றில் இருக்கும். அவை நன்றி கூறும் இலக்கியம் எனலாம். நன்றி கூறுவது பண்பு. கணக்குக் கூறுவது கடமை. முன்னையது எவ்வளவு மிகுந்தாலும் பின்னையதை ஈடுசெய்யாது.

முதலில் நன்கொடையாளர் பக்கத்தை நோக்குவோம். பிறின்ஸ்ரன் தனியார் பல்கலைக்கழகம். எனினும் கொடையாளருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான உறவை அதன் றொபேட்சன் வழக்குப் போல் விளக்குவது வேறில்லை. 1961 இல் சார்ள்ஸ் றொபேட்சனும் அவர் மனைவி மேரியும் 35 மில்லியன் டொலர் பெறுமதியான பங்குகளை அப்பல்கலைக்கழகத்துக்கு அளித்தனர். மேரி, ‘ஏ அன்ட் பி’ என்ற பெரும் பலசரக்குக் கடைத் தொடரின் செல்வத்துக்கு உரிமையுடையவர். அன்று வூட்றோ வில்சனின் பெயரைத் தாங்கியிருந்த பொது அலுவல்கள் கல்லூரியில் (அப்பெயர் 2020 இல் நீக்கப்பட்டது) பட்டப்பின் மாணவர்களை அரச சேவைக்கு, சிறப்பாகச் சர்வதேச அலுவல்களுக்கு, ஆயத்தஞ் செய்வதே கொடையின் நோக்கம். பல ஆண்டுகள் கொடையாளர் பெயர் வெளியிடப்படவில்லை. நிதியை நிருவகிக்கத் தனி நிதியமொன்று நிறுவப்பட்டது. அதன் சபையில் எழுவர். பல்கலைக்கழகம் நால்வரையும், குடும்பத்தினர் மூவரையும் நியமித்தனர்.

நாலுக்கு மூன்று என்ற இவ்வெண்களிலேயே பிற்காலத்துப் பூசலின் வித்து இருந்தது. கொடையாளர் சபைக்குள் இருக்கலாம், கேள்வி கேட்கலாம், ஆனால் வாக்கெடுப்பில் வெல்ல முடியாது. மேரி 1972 இலும் சார்ள்ஸ் 1981 இலும் காலமாயினர். பட்டதாரிகளுட் போதியளவினர் அரச சேவைக்குச் செல்லவில்லை என்றும், பணம் வேறு தேவைகளுக்குத் திருப்பப்பட்டது என்றும் குற்றஞ்சாட்டிப் பிள்ளைகள் 2002 இல் வழக்குத் தொடுத்தனர். கற்பித்தல் பற்றிய தீர்மானங்கள் பல்கலைக்கழகத்துக்கே உரியன என்பது எதிர்த்தரப்பின் வாதம். இதனையும் எளிதிற் புறக்கணித்தலாகாது. இறந்தவரின் விருப்பம் என்ற பெயரில் வாரிசுகள் பாடவிதானத்தை வகுக்கத் தொடங்கின் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக இராது. இதற்கிடையே நிதியின் பெறுமதி 900 மில்லியன் டொலரையும் கடந்திருந்தது. 2008 டிசெம்பரில் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. குடும்பத்தாரின் வழக்குச் செலவுக்கென 40 மில்லியன் டொலரும், அரச சேவைக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் புதிய நிதியமொன்றுக்கு 50 மில்லியன் டொலரும் வழங்கப்படும் என முடிவாயிற்று. பழைய நிதியம் கலைக்கப்பட்டு எஞ்சிய பணம் முழுவதும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிற் சேர்ந்தது. பணம் நோக்கத்தின்படி செலவிடப்பட்டதா என்ற மூல வினாவுக்கு நீதிமன்றத் தீர்ப்பு கிடைக்கவேயில்லை. வழக்குக்குச் சென்ற பணத்தில் எத்தனை மாணவர் படித்திருப்பர் என்ற எண்ணம் எழாமலிராது.

மூன்று ஆசனங்களும் பெருஞ் செல்வமும் உடைய குடும்பத்தின் நிலையே இதுவாயின், சிறு கொடையாளரின் நிலை யாது? அமெரிக்கப் பொதுச்சட்ட மரபில் அறநிதியின் நோக்கத்தைக் காக்கும் அதிகாரம் முதன்மையாக மாநிலச் சட்டமா அதிபருக்கே உரியது. கொடுத்தவர் ஒப்பந்தத்தில் உரிமையை ஒதுக்கிவைக்காவிடின் பெரும்பாலும் வழக்காட முடியாது. நிறுவனங்களின் நிதி முகாமை பற்றி 2006 இல் வகுக்கப்பட்ட மாதிரிச் சட்டம் இன்னும் ஒருபடி சென்றது. 20 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும் 25,000 டொலருக்குக் குறைந்ததுமான நிதியொன்றின் நோக்கத்தை நிறைவேற்றல் இயலாததாகவோ வீணானதாகவோ ஆகிவிடின், சட்டமா அதிபருக்கு 60 நாள் முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு நிறுவனமே அதனை மாற்றலாம் என்பது அதன் விதி. தொகையையும் காலத்தையும் மாநிலங்கள் தத்தமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். கொடுத்தவருக்கு அறிவித்தல் கட்டாயமில்லை.

இனிப் பொதுமக்கள் பக்கம். கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் செனற்றர் மிச் மக்கொனலின் பெயரில் ஓர் ஆய்வு நிலையம் உண்டு. அதற்குப் பணந் தந்தோர் யார் என்று உள்ளூர்ப் பத்திரிகை கேட்டது. பதவியிலிருக்கும் அரசியல்வாதி ஒருவரின் பெயரைத் தாங்கிய நிலையத்துக்குப் பணம் கொடுப்பது கல்விக்குக் கொடுப்பதா, அரசியலுக்குக் கொடுப்பதா என்ற ஐயம் நியாயமானதே. தான் தனியார் அமைப்பு என்றது நிதியம். அது பொது நிறுவனமே என 2003 இல் நீதிமன்றம் தீர்த்தது. 2008 இல் மாநில உயர் நீதிமன்றம், நிதியம் தனியார் அமைப்பு என நம்பிப் பெயர் மறைக்கக் கோரிய 62 பேரின் பெயர்கள் மறைவாகவே இருக்கலாம் என்றும், இனிமேற் கொடுப்போர் பொது நிறுவனம் ஒன்றுக்கே கொடுக்கிறோம் என அறிந்து கொடுக்கட்டும் என்றும் வரையறுத்தது. கொடுத்த வாக்கையும் பொது உரிமையையும் ஒருங்கே மதித்த தீர்ப்பு இது.

ஆயினும் பெயர்ப்பட்டியல் திறந்த அளவுக்குக் கணக்கேடு திறக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் தலைவரே நிதியத்துக்கும் தலைவராக இருந்தார். 2016 இல் அவர் இரு பதவிகளையும் விட்டகன்ற பின்னர் நடத்தப்பெற்று 2017 இல் வெளிவந்த தனிக் கணக்காய்வு, கொள்கை அனுமதித்ததிலும் கூடிய தொகை அறநிதியிலிருந்து செலவானதாகவும், உயர் அதிகாரிகள் சிலரின் பிற்போடப்பட்ட ஊதியம் துணைக் கம்பனியொன்றின் வழியே வழங்கப்பட்டதாகவும் கூறியது. கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒருவராயிருக்கையில் ஆண்டுதோறும் கணக்காய்வு நடந்தும் பயனில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. பேராடு மூப்படைந்துகொண்டிருந்தது, எண்ணுவதற்கு வெளியாள் ஒருவரும் இல்லை.

அயோவா மாநில உயர் நீதிமன்றம் 2005 இல் இப்பிரச்சினையின் வேரையே தொட்டது. நிதி திரட்டுவது பல்கலைக்கழகத்தின் பணி; அப்பணியை ஒப்பந்த மூலம் தனியார் நிதியத்திடம் ஒப்படைத்துவிட்டதால் அதன் பதிவேடுகள் மக்களிடமிருந்து மறைந்துவிடா என்பது அத்தீர்ப்பின் சாரம். கலிபோர்ணியாவில் இதே உண்மை வேறு வழியால், சற்று நகைப்புக்கிடமான வழியால், வெளிப்பட்டது. 2010 இல் ஸ்ரனிஸ்லோஸ் அரச பல்கலைக்கழகத்தின் நிதியம் அரசியல்வாதி சேரா பேலினைச் சொற்பொழிவாற்ற அழைத்தது. ஒப்பந்தம் நிதியத்துக்குரியது, தன்னிடம் இல்லை என்றது பல்கலைக்கழகம். மாணவர்களோ வளாகத்துக் குப்பைத்தொட்டியில் அவ்வொப்பந்தத்தின் சில பக்கங்களைக் கண்டெடுத்தனர். கட்டணம் 75,000 டொலர் எனப் பின்னர் தெரியவந்தது. பல்கலைக்கழக நிதியங்களைத் தகவற் சட்டத்துக்குட்படுத்தும் மசோதாவை 2009 இலும் 2010 இலும் ஆளுநர் சுவார்ஸ்நெகர் நிராகரித்திருந்தார். கொடையாளர் அஞ்சி விலகுவர் என்பது கூறப்பட்ட காரணம். அடுத்த ஆளுநர் பிறவுண் 2011 இல் அதில் ஒப்பமிட்டார். பெயர் மறைக்க விரும்பும் கொடையாளருக்கு அச்சட்டம் பாதுகாப்பளிக்கின்றது. கொடைக்கு ஈடாகப் பயன் பெற முயல்வோருக்கு அப்பாதுகாப்பு இல்லை. அச்சத்துக்கும் உரிமைக்குமிடையே எல்லைக்கோடு இடத்தக்க இடம் இதுவேயாகும். அயோவாவிலும் கலிபோர்ணியாவிலும் நிதியங்கள் இன்றும் பணந் திரட்டியே வருகின்றன.

இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்திகள் எனத் தமிழர் ஒதுக்கிவிட முடியாது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஓர் இருக்கை அமைக்க 6 மில்லியன் டொலர் வேண்டியிருந்தது. மருத்துவர் இருவர் தலைக்கு அரை மில்லியன் டொலர் கொடுத்துத் தொடங்கிவைத்தனர். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபா அளித்தது. புலம்பெயர்ந்த ஈழத்தவர் உட்படப் பல நாடுகளிலுமுள்ள தமிழர் சிறுகச் சிறுகச் சேர்த்தனர். 2018 இல் இலக்கு நிறைவெய்தியது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து இருக்கைக்கான 3 மில்லியன் கனேடிய டொலரும் 2021 இல் நிறைவாயிற்று. பணம் சேரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் தொகை அறிவிக்கப்பட்டது. மக்களும் உற்சாகத்தோடு கேட்டனர். சேர்ந்த பின்னரோ நிதி திரட்டிய அமைப்பின் பணி நிறைவுறுகின்றது. நிதி பல்கலைக்கழகத்தின் பேரறநிதியோடு கலக்கின்றது. பேராசிரியர் பதவி சில ஆண்டுகள் வெறுமையாக இருப்பின், அல்லது முப்பது ஆண்டுகளின் பின் அதன் பாடப்பரப்பு வேறாகத் திரும்பின், கேட்கும் உரிமை யாரிடம் உண்டு என்பது பல்கலைக்கழகத்துக்கும் அமைப்புக்குமிடையே எழுதப்பட்ட உடன்படிக்கையின் வாசகங்களைப் பொறுத்ததாகும். அவ்வுடன்படிக்கைகள் முழுமையாகத் தமிழில் அச்சிடப்பட்டு, இருக்கையின் நிதி ஆண்டுதோறும் ஈட்டியதும் செலவிட்டதும் அவற்றோடு சேர்த்து வெளியிடப்படல் வேண்டும். இனி இருக்கை அமைக்கப் பணங் கேட்டு வருவோரிடம், பணங் கொடுக்கும் முன்னரே, இதனைக் கேட்டல் தகும்.