மூன்று ரூபாய் சந்தா

"சங்கத்துக்காரங்க சந்தாவ வாங்கி ஏப்பம் விட்டுட்டாங்க." தொழிற்சங்கம்னு பேச்செடுத்தாலே வர்ற முதல் புகார் இது. சரி, அந்தச் சந்தா எவ்வளவு? சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தில் 1960-இல் ஒரு திருத்தம் வந்தது: உறுப்பினர் சந்தா மாதம் 25 காசுக்குக் குறையக் கூடாது. அதாவது வருஷத்துக்கு 3 ரூபாய். இந்தத் தொகை மறுபடி மாறியது 2001-இல்தான். 41 வருஷம் கழிச்சு எவ்வளவு ஏத்தினாங்க தெரியுமா? பொதுவாக வருஷத்துக்கு 12 ரூபாய். அமைப்புசாராத் தொழிலாளருக்கு அதே 3 ரூபாய். கிராமப்புறத் தொழிலாளருக்கு 1 ரூபாய், 1960-ஐ விடக் குறைவு!

'குறைந்தபட்சம்தானே, கூட வாங்கிக்க வேண்டியதுதானே'ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா 2001 வரை ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு சங்கத்தைப் பதிவு பண்ணிடலாம். ஒரே ஆலையில் நாலு கொடி பறக்கும்போது யார் துணிஞ்சு சந்தாவ ஏத்துவாங்க? ஏத்தினா ஆள் பக்கத்துக் கொடிக்குப் போயிடுவார்.

500 பேர் உள்ள சங்கம்னு வெச்சுக்குவோம். ஆளுக்கு 12 ரூபாய்னா வருஷத்துக்கு 6,000. இதை எதுக்கெல்லாம் செலவழிக்கலாம்னு, 2025 வரை அமலில் இருந்த அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பட்டியல் போட்டது: நிர்வாகிகள் சம்பளம், வழக்குச் செலவு, தொழில் தகராறில் இழப்பு வந்தவருக்கு ஈட்டுத்தொகை, நோய், முதுமை, சாவுக்கு உதவி, பிள்ளைகள் படிப்பு. தாராள மனசுதான். 6,000 ரூபாய் ஒரு வக்கீலுக்கே பத்தாது.

மீதிக்கு எங்கே போறது? கட்சிகிட்ட, வெளியிலிருந்து வர்ற தலைவர்கிட்ட, இல்லேன்னா போனஸ், ஊதிய ஒப்பந்தம் சமயத்து வசூலுக்கு. சங்கப் பணம் உறுப்பினர் சம்மதமில்லாம அரசியலுக்குப் போகக் கூடாதுன்னு 16-ஆம் பிரிவு தனி நிதியே வைக்கச் சொன்னது. சங்கமே கட்சியை நம்பித்தான் நடக்கணும்ங்கிற நிலைமையைப் பத்தி அதில் பேச்சே இருக்கல. என் பார்வையில் அந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டையா இருந்தது இதுதான்.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் மும்பை ஜவுளித் தொழிலாளர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினாங்க. ஒரு வருஷத்துக்கு மேல நீடிச்சது. பலர் கொங்கண் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பி, வயல் வேலை பார்த்து வயித்தக் கழுவினாங்க. சட்டம் சொன்ன அந்தச் சந்தாவை 1961 முதல் 1981 வரை ஒருத்தர் விடாம கட்டி, சங்கம் அதில் ஒரு காசு கூடச் செலவழிக்காம வெச்சிருந்தாலும், வட்டியை விட்டுட்டுப் பார்த்தா, ஆளுக்கு 63 ரூபாய்தான் சேர்ந்திருக்கும்.