சான்றிதழை விசாரிக்கும் ஒற்றை வரி

பிரவுசர் பூட்டுப் படத்துக்குள் ஒளித்துவைப்பதையெல்லாம் எஸ்_கிளையன்ட் வெளியே கொட்டிவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு வரும் இந்தச் சிறு கட்டளை எனக்கு அவ்வளவு பிரியம். சர்வர் பெயரும் 443 என்ற போர்ட்டும் கொடுத்தால், சான்றிதழ் யாருக்கு, வழங்கியது யார், டிஎல்எஸ் எந்தப் பதிப்பு என எல்லாம் திரையில் இறங்கும்.

நான் முதலில் தேடுவது 'வெரிஃபை ரிட்டர்ன் கோட்' வரியை. 0 என்றால் நிம்மதி. 10 என்றால் காலாவதி. 21 வந்தால் பெரும்பாலும் சர்வர் இடைநிலைச் சான்றிதழை அனுப்பவில்லை. பிரவுசர்கள் பலவும் அந்த இடைவெளியைத் தாமே நிரப்பிக்கொள்ளும். தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில் ஏதோ ஓர் ஆலைக் கருவி இணைய மறுக்கும்போதுதான் குறை வெளிப்படும். சான்றிதழ் தேறாவிட்டாலும் எஸ்_கிளையன்ட் இணைப்பை முறிக்காமல் மேலே பேசுகிறதே, அந்தக் குணம் அருமை: கோளாறுள்ள சர்வரையும் கடைசிவரை விசாரிக்கலாம்.

வழங்கியவர் பெயரை மட்டும் அவசரமாகத் தாண்டக் கூடாது. 2014 ஜூலையில், நம் தேசியத் தகவலியல் மையம் வழங்கியதாகக் கூகுள் தளங்களுக்கு அங்கீகாரமற்ற சான்றிதழ்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றின் வேர்ச் சான்றிதழ் விண்டோஸ் நம்பும் பட்டியலில் இருந்தது. பூட்டுப் படம் அப்போது எதையும் சொல்லாது. வழங்கியவர் வரி சொல்லிவிடும். ஜூலை 3 அன்று அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்தாயின.