மார்க்கர் யாருக்காகத் தேடுது?

பயறு வகைகளில் மார்க்கர் வழித் தேர்வு பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும், விளைச்சலும் கூடும் புரதமும் கூடும்னு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். அதுவும் பயறுக் குடும்பம்தான்; அவிநாசி, சேவூர் பக்கம் மழையை நம்பிப் போடுகிற பயிர்.

முதலில் உண்மையான வெற்றி. பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட்டும் ஜுனாகட் நிலக்கடலை ஆராய்ச்சி இயக்ககமும் சேர்ந்து உருவாக்கிய கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்கள் 2020இல் வெளிவந்தன. சாதாரணக் கடலை எண்ணெயில் ஒலியிக் அமிலம் பாதியளவுதான். இவற்றில் சுமார் 80 சதவீதம். எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. இந்தக் குணத்துக்கு முக்கியமாக இரண்டே மரபணுக்கள் பொறுப்பு. அதனால் நாற்றுப் பருவத்திலேயே ஒரு இலையைக் கிள்ளி டிஎன்ஏ பார்த்து, வேண்டாத செடியைக் கழிக்கலாம். மார்க்கருக்கு ஏற்ற வேலை இது.

புரதம் அப்படி இல்லை. சின்னச் சின்னப் பங்கு வைக்கிற பல மரபணுக்கள், மண், மழை எல்லாம் சேர்ந்து முடிவு பண்ணுவது. சோயாவில் 20ஆம் குரோமோசோமில் புரதத்தைக் கூட்டும் இடம் ஒன்று உண்டு; அது வந்தால் எண்ணெய் குறையும், பெரும்பாலும் விளைச்சலும் குறையும். ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்குகிற கதை. ஆயிரக்கணக்கான மார்க்கர்களை வைத்து மொத்தமாகக் கணிக்கும் முறை இப்போது இருக்கிறதுதான். ஆனால் பாசனம் பாய்ந்த பண்ணையில் பழக்கிய கணிப்பு, மானாவாரிக் காட்டுக்கு அப்படியே பொருந்தாது.

இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: கூடின புரதத்துக்குக் காசு யார் தருவாங்க? சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்தில் முதல் ரகம், இரண்டாம் ரகம், மூன்றாம் ரகம்னு பிரித்து, குவிண்டால் கணக்கில் விலை போகிறது. இதே ஊர்களில் பால் சொசைட்டியில் கொழுப்பும் இதரச் சத்தும் அளந்து விலை போடுகிறோம். கடலைக்கு அப்படி அளவை இல்லாதவரை, புரதம் கூடின ரகத்தின் லாபம் ஆலைக்கும் கம்பெனிக்கும் போகும். முட்டுவளி மட்டும் விவசாயி தலையில். விதைப் பெருக்கமும் கடலையில் மெதுவானது. ஏக்கருக்கு 50 கிலோவுக்கு மேல் பருப்பு விதைக்கணும், காய்ப்பதோ சில மடங்குதான்.

என் கருத்து இது. மார்க்கரை அதன் பலம் உள்ள இடத்தில் முதலில் பயன்படுத்தட்டும். தார்வாடில் உருவான ஜிபிபிடி 4 ரகத்திலிருந்து துரு நோய், இலைப்புள்ளி எதிர்ப்பை டிஏஜி 24, ஜேஎல் 24 போன்ற ரகங்களுக்கு மார்க்கர் வைத்து மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். இலை உதிராமல் நின்றால் காயும் திரளும், மாட்டுக்குக் கடலைக்கொடியும் மிஞ்சும். விளைச்சலைக் கூட்டுகிறேன்னு பேசுவதைவிட, இருக்கிற விளைச்சல் கெடாமல் காப்பது இந்தப் பக்கத்துக் காட்டுக்குப் பெரிய உபகாரம்.