பின்வரிசை முகங்கள்

என் முன்னால் இரண்டு கல்யாண ஆல்பங்கள் விரித்துக் கிடக்கின்றன. ஒன்று அக்காவுடையது, 1994. மற்றது அவள் மகளுடையது, போன தை மாதத்தது. அக்கா கல்யாணத்துக்கு எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் ஒருவர் வந்தார். தோளில் ஒரு பை, கேமரா மேல் ஒரு ஃபிளாஷ். மகள் கல்யாணத்துக்கு வந்த இரண்டு இளைஞர்கள் முதல் சந்திப்பிலேயே தங்கள் கொள்கையைச் சொல்லிவிட்டார்கள். ஃபிளாஷ் போட மாட்டோம், யாரையும் நிற்கவைத்து எடுக்க மாட்டோம், நடப்பதை நடந்தபடியே எடுப்போம்.

நம் ஊரில் இதற்குக் 'கேண்டிட்' என்று பெயர். டிரடிஷனலுக்கு ஒருவர், கேண்டிடுக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர் என்று நடுத்தரக் குடும்பங்களே இன்று ஆள் பேசுகின்றன. கல்யாணச் செலவில் ஒரு கணிசமான பங்கு இதற்குப் போகிறது. ஆகவே இந்தப் பாணி கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் பழையது. அக்காவின் ஆல்பத்தில் மணமேடைக்குப் பின்னால் எல்லாமே கறுப்பு. மண்டபத்தில் அன்று நானூறு பேராவது இருந்திருப்பார்கள். ஆல்பத்தைப் பார்த்தால் நள்ளிரவில் ஆளில்லாத இடத்தில் தாலி கட்டியது போல இருக்கிறது. அது ஸ்டுடியோக்காரரின் குற்றமில்லை. அன்று கையில் இருந்தது 100 ஏஎஸ்ஏ கலர் ஃபிலிம். லென்ஸை எஃப் 8இல் வைத்து, நொடியில் அறுபதில் ஒரு பங்கு திறந்தால், மண்டபத்து டியூப் லைட் ஃபிலிமில் ஒரு தடமும் பதிக்காது. பதிவதெல்லாம் ஃபிளாஷ் வெளிச்சம்தான். அது தூரம் இரட்டித்தால் நாலில் ஒரு பங்காகிவிடும். மணமக்கள் மேல் பளிச்சென்று விழுவது, நாலு எட்டு தள்ளி நிற்கும் மாமா மேல் விழுவதில்லை. ஒரு ரோலுக்கு 36 படம். ஒவ்வொன்றுக்கும் காசு. அதனால்தான் 'இங்க பாருங்க, அசையாதீங்க' என்ற கட்டளை. விறைப்பாக நின்ற அந்தத் தலைமுறையின் தோற்றத்தில் பாதி ஃபிலிம் விலையால் வந்தது.

இன்னொரு கேடும் உண்டு. நேருக்கு நேர் அடிக்கும் ஃபிளாஷ் மாநிறத்தைச் சுண்ணாம்பாக்கிவிடும். கலர் ஃபிலிமும் பிரிண்டும் பல பத்தாண்டுகள் வெள்ளைத் தோலை அளவாக வைத்தே சரிபார்க்கப்பட்டன. கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அக்காவின் முகத்தை அந்த ஆல்பத்தில் பார்க்கும்போது வேறு யாரையோ பார்ப்பது போலத்தான் இன்றும் எனக்கு இருக்கிறது.

புதிய ஆல்பத்துக்கு வருகிறேன். முந்தின நாள் வீட்டில் நலங்கு. கூடத்து ஜன்னலிலிருந்து இடப்பக்கமாக வெளிச்சம் வருகிறது. அக்கா தன் மகளின் கன்னத்தில் மஞ்சள் பூசுகிறாள். ஈரம் காயாத மஞ்சளின் மேல் ஜன்னல் ஒரு கோடாக மின்னுகிறது. அக்கா நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஊசியில் நூல் கோக்கும்போது அவள் செய்வது அது. அம்பது வருஷமாக எனக்குத் தெரியும், ஒரு படத்திலும் பார்த்ததில்லை. அவள் தோல் அவள் தோலாகவே இருக்கிறது. பெண்ணின் கழுத்தில் நிழல், காதோரத்தில் ஒளி. யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. ஃபிளாஷ் ஒரு முறை அடித்திருந்தால் அந்த நாக்கு நுனி உள்ளே போயிருக்கும்.

இந்த ஒரு படத்துக்காகவே இந்தப் பாணியை நான் மதிக்கிறேன். இதை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

அடுத்த பக்கம் முகூர்த்தம். அதிகாலை ஐந்து மணி. தை மாதத்தில் சூரியன் உதிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. இயற்கை வெளிச்சம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இருப்பது வீடியோக்காரரின் இரண்டு விளக்கு, பின்னால் எல்ஈடி சுவர், நடுவில் ஹோம நெருப்பு. மூன்றும் மூன்று நிறம். போதாததற்கு, மட்டமான எல்ஈடி விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு நூறு தடவை துடிக்கும்; சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் வேகமாக எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். இந்த இளைஞர்கள் அதைத் தெரிந்து தவிர்த்திருக்கிறார்கள். தொழில் தெரிந்தவர்கள்.

தாலி கட்டும் படம் இரண்டு பக்கத்துக்கு விரிகிறது. மாப்பிள்ளையின் விரல்கள், மஞ்சள் கயிறு, பாதி விழுந்த முடிச்சு. கத்தி போலத் தெளிவு. மற்றதெல்லாம் பாலில் கரைத்த வண்ணம். மூன்றாவது முடிச்சுக்குக் குனிந்த நாத்தனாருக்கு முகமே இல்லை. வலது ஓரத்தில் ஒரு பச்சைக் கறை இருக்கிறது. அந்தப் பச்சைக் கறை எங்கள் அம்மா. எண்பத்தோரு வயதில், அதிகாலை மூன்றரைக்கு எழுந்து குளித்து, கல்யாணத்துக்கென்று எடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு, பேத்திக்குத் தாலி ஏறுவதைப் பார்க்க வந்து நின்றவள்.

இது தற்செயல் இல்லை. ஃபிளாஷ் இல்லாமல் மங்கிய வெளிச்சத்தில் எடுக்க லென்ஸின் வாயை அகலத் திறக்கிறார்கள். 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.4இல் வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் குறிவைத்தால், முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் ஆழம் நாலைந்து சென்டிமீட்டர்தான். ஒரு முடிச்சின் அளவு. வெளிச்சம் போதாமைக்காகச் செய்யத் தொடங்கியது, இப்போது அழகென்று நிலைத்துவிட்டது. வெட்டவெளி வெயிலிலும் அதே 1.4.

என் முதன்மையான குற்றச்சாட்டு இங்கேதான். ஆவணம் என்றால் யார் இருந்தார்கள், எங்கே நின்றார்கள், என்ன நடந்தது என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல வேண்டும். 1994இன் ஃபிளாஷ் பின்வரிசையை இருட்டில் தள்ளியது. இன்றைய லென்ஸ் அதே பின்வரிசையைக் கலங்கலில் தள்ளுகிறது. முப்பது வருஷம் தள்ளி, இரண்டு கருவிகளும் ஒரே ஆட்களைத்தான் இழந்திருக்கின்றன.

இயற்கை வெளிச்சமும் ஆவணப் பண்பும் ஒன்றே என்ற நினைப்புதான் இந்தக் குழப்பத்துக்கு வேர். அந்த நினைப்புக்குப் பெருமைக்குரிய மூதாதை உண்டு. ஹென்றி கார்ட்டியர் பிரஸ்ஸான் ஃபிளாஷை வெறுத்தவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். இருந்த வெளிச்சத்தில் எடுத்தார். உயிர் பிரியப்போகிறவர் முன்னால் ஃபிளாஷ் அடிப்பது அத்துமீறல். அங்கே அந்த விரதம் மரியாதை. ஆனால் அதே நூற்றாண்டில் நியூயார்க் இரவுகளை ஃபிளாஷ் பல்பால் பதிவு செய்த வீஜி ஆவணக்காரர் இல்லையா? பட்டப்பகலில் ஃபிளாஷ் போட்டு நியூ பிரைட்டன் கடற்கரையை எடுத்து 1986இல் நூலாக்கிய மார்ட்டின் பார்? கல்யாணத்துக்கே வந்தாலும், அமெரிக்காவில் இந்தப் பாணியைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் டெனிஸ் ரெஜி. 1996இல் கம்பர்லேண்ட் தீவின் மின்சாரமில்லாத சிறு தேவாலயத்தில் நடந்த ஜான் கென்னடி மகனின் கல்யாணத்தை எடுத்தவர். மணமகன் மணமகளின் கையை முத்தமிடும் படம் அவருடையது. அவரே ஃபிளாஷைச் சுவரில் பட்டுத் திரும்பச் செய்யும் முறையை விரிவாகக் கற்றுக்கொடுத்தவர். ஆவணத்தின் உயிர் தலையிடாமையில் இருக்கிறது. விளக்கின் பெயரில் இல்லை.

தலையிடாமையையும் சோதித்தாக வேண்டும். எங்கள் வீட்டுக் கல்யாணத்தை எடுத்த இளைஞர்கள் அதில் தேறினார்கள். எல்லோரும் தேறுவதில்லை. 'நீங்க பாட்டுக்குப் பேசிட்டே நடங்க, கேமராவப் பாக்காதீங்க, இப்ப அவங்க காதுல ஏதாச்சும் சொல்லுங்க, சிரிங்க' என்று இயக்கி எடுத்ததற்கும் கேண்டிட் என்றே பெயர் வைக்கிறார்கள். ஒரு உறவினர் கல்யாணத்தில் புகை மறைத்துவிட்டது என்று சொல்லி, கட்டிய தாலியை மாப்பிள்ளை மறுபடி பிடித்துக் காட்டும்படி கேட்டார்கள். ஐயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டுடியோவில் நாற்காலி போட்டு எடுத்த பழைய படம் இதைவிட நேர்மையானது. போஸ் கொடுக்கிறோம் என்று அது ஒளிக்கவில்லை.

நிறத்திலும் ஒரு பொய் நுழைகிறது. எடுத்தபின் கம்ப்யூட்டரில் எல்லாப் படங்களுக்கும் ஒரே பழுப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். காஞ்சிபுரத்தில் நாள் முழுக்க அலைந்து அக்கா தேர்ந்த அரக்குக் கூரைப்புடவை ஆல்பத்தில் காய்ந்த புளியின் நிறத்தில் இருக்கிறது. வாழைமரத்துப் பச்சை சாம்பலாகிவிட்டது. பகல் வெளிச்சத்தை நம்புகிறோம் என்றவர்கள், அந்த வெளிச்சம் காட்டிய சிவப்பை நம்பவில்லை.

இந்த முறை குறையில்லாமல் வெல்லும் இடங்கள் உண்டு. செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே திறந்த வளவு. மேலிருந்து இறங்கும் வெளிச்சம் சுற்றுப்பத்திகளில் பக்கவாட்டில் பாய்கிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி மெழுகிய வெள்ளைச் சுவர் அதை வாங்கி நிழல் பக்கத்துக்கு மெல்லத் திருப்பிக் கொடுக்கிறது. ஆத்தங்குடிக் கல்தரையின் சிவப்பு, உட்கார்ந்திருக்கும் ஆச்சிகளின் தாடையில் லேசாகப் படிகிறது. இதைவிட நல்ல விளக்கை எந்தக் கம்பெனியும் செய்துவிடவில்லை. பகலில் தாலி கட்டும் திருப்பூட்டு நடந்தால் கழுத்துரு என்ற அந்தத் தாலியின் ஒவ்வொரு உருப்படியும் தனித்தனியே தெரியும். கீற்றுப் பந்தலும் அப்படித்தான்; தென்னங்கீற்று உச்சி வெயிலை வடிகட்டித் தரும். நம் வீடுகளும் பந்தல்களும் வெளிச்சத்தை அறிந்து கட்டப்பட்டவை. ஜன்னலில்லாத ஏசி மண்டபத்துக்குக் கல்யாணத்தைக் கொண்டுபோனவர்கள் நாம். அங்கே வந்து இயற்கை வெளிச்சம் கேட்பது போட்டோக்காரரைச் சங்கடத்தில் தள்ளுவது.

அக்காவின் ஆல்பத்தில் ஒன்று இருக்கிறது, மகளுடையதில் இல்லை. மேடையேறி வரிசையாக நின்றவர்கள். நாற்பது பக்கம், ஒரே நிற்பு, ஒரே சிரிப்பு. இருபது வயதில் எனக்கு அது அலுப்பாக இருந்தது. இன்று புரட்டும்போது அது மொய் நோட்டைப் போல ஒரு பேரேடு. கோவில்பட்டிச் சித்தப்பா, பக்கத்து வீட்டு டீச்சர், அப்பாவுடன் வேலை பார்த்த மூன்று பேர். பலருக்கு எங்களிடம் இருக்கும் ஒரே படம் அதுதான். அழகில்லாத அந்தப் பக்கங்கள் ஆவணத்தின் வேலையைச் செய்திருக்கின்றன.

ஆக, என் தீர்ப்பு. நடப்பதைக் கலைக்காமல் எடுக்கும் முறை நம் கல்யாணங்களுக்குத் தேவை. அது திரும்பிப் போகக்கூடாது. ஃபிளாஷே கூடாது என்ற விரதம் வீட்டிலும் முற்றத்திலும் கோயில் வாசலிலும் சரி. விடிவதற்கு முந்தைய மண்டபத்தில் அது தவறு. அகலத் திறந்த லென்ஸ் ஆவணத்துக்கு எதிரி. 35 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 4இல் வைத்து இரண்டரை மீட்டரில் நின்றால் ஒன்றேகால் மீட்டர் ஆழம் தெளிவாக விழும்; முடிச்சும் தெரியும், நாத்தனாரும் தெரிவாள், அம்மாவும் ஏறத்தாழத் தெரிவாள். அதற்கு எட்டு மடங்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். ஐஎஸ்ஓ 800இல் எடுத்ததை 6400க்கு உயர்த்தினால் கிடைத்துவிடும். இன்றைய கேமராக்கள் அதைத் தாங்கும். படத்தில் கொஞ்சம் கிரெயின் தட்டும். தட்டட்டும். அதுவும் போதாவிட்டால் கூரையில் பட்டுத் திரும்பும் ஒரு சின்ன ஃபிளாஷைப் போட்டுக்கொள்ளலாம். வரிசைப் படங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதில் எந்தக் கலையும் கெட்டுவிடாது.

கல்யாணத்துக்கு ஆள் பேசப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐம்பது கல்யாணங்களிலிருந்து பொறுக்கிய ஐம்பது படங்களைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரே கல்யாணத்தின் எல்லாப் படங்களையும் வாங்கிப் பாருங்கள். தாலி கட்டும் படத்துக்கு வந்ததும் மணமக்களை விட்டுவிடுங்கள். பின்னால் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு முகம் இருக்கிறது என்று எண்ணுங்கள்.