சேரியின் சம்மதம்: கிராம ஆய்வுகளைப் படித்தபோது

எங்க ஊர் பேரிகை. ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் பேரிகை என்பது ஒரு தோல்கருவி என்று போட்டிருக்கும். ஊர்ப் பேரே தோல்கருவி. அதைத் தொட்டு அடிக்கிறவன் வீடு மட்டும் ஊருக்கு வெளியே. என் தாத்தா மாரியம்மன் பண்டிகைக்குத் தமட்டை அடித்தவர். அறுப்பு முடிந்ததும் அதற்கு ராகி அளப்பார்கள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஆய்வு மாணவர் ஒருவர் ஊருக்கு வந்தார். கிராமமும் மதமும் பற்றிய ஆய்வு. பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தாத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார். தாத்தா கீழே நின்றார்.

“சாமிக்கு அடிக்கிறது உங்க பரம்பரை உரிமை. சந்தோசமாத்தானே செய்றீங்க?”

“ஆமாங்க சாமி.”

எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தாத்தா சொன்னார்: “இல்லேன்னு சொன்னா ராகிய உங்கப்பனா அளப்பான்?”

பின்னால் கிராமங்களைப் பற்றி அறிஞர்கள் எழுதியதைத் தேடிப் படித்தபோது, ஒவ்வொரு புத்தகத்திலும் முதலில் பார்த்தது இதைத்தான்: இவர் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார்?

ஆரம்பகாலத்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னை அருங்காட்சியகத்து எட்கர் தர்ஸ்டன் மூக்கை அளந்தார், தலையை அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகள் போட்டார். சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட் 1916இல் தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றி எழுதினார். எருமை பலியில் பறையர், மாலர், மாதிகர் என்னென்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. என்ன நினைத்துக்கொண்டு செய்தார்கள் என்பதற்குத்தான் இடமில்லை. அதே 1916 மே மாதம், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்தார். அகமணமுறையே சாதியின் சாரம் என்றார். நம் சமூகவியல் துறைகள் அவரைச் சமூகவியலாளராக மதிக்க எத்தனை காலம் எடுத்துக்கொண்டன என்பது தனிக்கதை.

எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பக்கம் ‘ராம்புரா’வில் தங்கி ஆய்வு செய்தது 1948இல். அந்த வருசம் நவம்பர் 4ஆம் தேதிதான் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமப் பெருமை பேசியவர்களுக்கு முகத்துக்கு நேராகப் பதில் சொன்னார். சீனிவாஸ் தங்கியிருந்தது ஊர்த்தலைவருக்குச் சொந்தமான இடத்தில். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் அவருடைய குறிப்புகள் எரிந்துபோயின. நினைவிலிருந்து எழுதி 1976இல் வெளியிட்டார். ருசியான புத்தகம், மறுக்கவில்லை. ஆனால் நினைவில் தங்குவதும் பழகிய தெருதானே. தான் பார்த்தது பெரும்பாலும் மேல்சாதிக் கண்ணோட்டம் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சாவூர் ‘ஸ்ரீபுர’த்தில் அக்ரகாரத்தில் தங்கினார். அதனால் ஆதிதிராவிடர் தெருவுக்குள் சுலபமாகப் புழங்க முடியவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதினார். நேர்மைதான். அந்த நேர்மையால் சேரி புத்தகத்துக்குள் வந்துவிடவில்லை.

சேரியையே மையமாக வைத்து எழுதியவர் அமெரிக்கரான மைக்கேல் மொஃபாட். செங்கல்பட்டு மாவட்டக் கிராமம் ஒன்று பற்றிய அவர் புத்தகம் 1979இல் வந்தது. தீண்டப்படாதவர்களுக்கென்று தனிப் பண்பாடு இல்லை, சாதி முறையை அவர்களும் உள்ளூர ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், ஊர் தங்களை ஒதுக்கிய இடத்தில் ஊரைப்போலவே இன்னொரு ஏணியைத் தங்களுக்குள் கட்டிக்கொள்கிறார்கள் என்கிறார். சேரிக்குள் வள்ளுவர் மேலே, வண்ணாரும் சக்கிலியரும் கீழே. தூய்மை–தீட்டு என்று லூயி துய்மோன் மேலிருந்து சொன்னதைச் சேரியிலிருந்தே மெய்ப்பித்துவிட்டதாக ஆய்வுலகம் எடுத்துக்கொண்டது.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தாத்தாவின் “ஆமாங்க சாமி” ஞாபகம் வந்தது. கூலியை அளக்கிறவன் முன்னால் சொல்லும் ஆமாம் எப்படிச் சம்மதமாகும்? அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் களப்பணி செய்த ஜோன் மென்ச்சர், 1974இலேயே சாதியைக் கீழேயிருந்து பார்த்தால் தெரிவது சுரண்டல் என்று எழுதிவிட்டார். எங்க ஊரில் நடந்ததும் அவர் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. தெருப் பையன்கள் ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்குப் போக ஆரம்பித்து, ராகியை நம்பிப் பிழைக்கவேண்டியதில்லை என்று ஆனதும் தமட்டையைக் கீழே வைத்தார்கள். உள்ளூர ஏற்றுக்கொண்ட தர்மம் என்றால் ஒரு மாசச் சம்பளத்தில் கரைந்துபோகுமா?

ஆனால் இத்தோடு மொஃபாட்டை முடித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். சம்மதம் என்று அவர் வைத்த பேர் தப்பு. அந்த ஏணி இருப்பது தப்பில்லை. எங்க தெருவுக்கு அந்தண்டை தெலுங்கு பேசும் அருந்ததியர் தெரு. “அந்தத் தெருத் தண்ணி நமக்கு ஆவாது” என்று சொல்லியே பாட்டி எங்களை வளர்த்தாள். பாட்டிக்கு யாரும் ராகி அளக்கவில்லை, அப்படிச் சொல்லச் சொல்லி. அம்பேத்கர் இதற்கு வைத்த பேர் படிநிலைச் சமத்துவமின்மை. எல்லாருக்கும் மிதிக்க ஒரு ஆள் கீழே இருக்கும்படி செய்த ஏற்பாடு. அதனால்தான் மிதிபடுகிறவர்கள் ஒன்றுசேர்வதில்லை என்றார். மொஃபாட் வர்ணித்ததை அவர் விளக்கினார். ஆனால் நம் பத்திரிகைகளில் மொஃபாட்டைத் திட்டி எழுதும்போது நாம் இந்தப் பக்கத்தைத் திருப்பாமலே விட்டுவிடுகிறோம். நானும்தான்.

தாத்தா செத்தபோது தமட்டைக்கு ஆள் இல்லை. நாங்கள்தான் விட்டுவிட்டோமே. “பக்கத்துத் தெருவுல சொல்லியனுப்பு” என்றார்கள் எங்க பெரியவங்க. இரண்டு பேர் வந்தார்கள். தெருமுனையில் நின்று பொழுதுசாயும்வரை அடித்தார்கள். நடுவில் அத்தை அவர்களுக்கு டீ கொண்டுபோனாள். வீட்டு டம்ளரில் இல்லை. கடையில் வாங்கிவந்த பிளாஸ்டிக் கப்பில். தாத்தா தலைமாட்டில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.