பழைய மெட்டும் புதிய மெட்டும்

ஜாஸ் பற்றி எழுதுகிறவர்களிடம் சுலபமான ஒரு நம்பிக்கை உண்டு. ஊர் ஊராகப் போய் இரவு விடுதிகளில் வாசிப்பதுதான் அசல், ஸ்டூடியோவில் பதிவாவது அதன் சவம் என்பது. மனோதர்மம் என்ற நம் சொல்லையும் துணைக்கு அழைத்துக்கொண்டுவிட்டால், மேற்கொண்டு இசையைக் கேட்கவேண்டிய சிரமம்கூட இல்லை. மைல்ஸ் டேவிஸின் இரண்டாவது ஐவர் குழுவை – மைல்ஸ், வேய்ன் ஷார்ட்டர், ஹெர்பி ஹான்காக், ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ் – இரண்டு இடங்களிலும் கேட்டவருக்கு இந்த நம்பிக்கை நிலைக்காது.

1965 ஜனவரியில் ஹாலிவுட்டில் மூன்று நாட்களில் 'ஈ.எஸ்.பி.' பதிவாயிற்று. ஏழு மெட்டுகளும் குழுவினரே எழுதியவை. பிறகு மைல்ஸுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. பல மாதங்கள் வாசிப்பு இல்லை. டிசம்பரில் சிகாகோவின் 'ப்ளக்ட் நிக்கல்' விடுதிக்கு வந்தபோது அவர்கள் வாசித்தது பெரும்பாலும் என்ன? 'ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்', 'மை ஃபன்னி வாலன்டைன்', 'வாக்கின்' – எல்லாம் பழசு. புதிய தட்டிலிருந்து 'அஜிடேஷன்' வந்தது, அவ்வளவுதான்.

கோழைத்தனமாகத் தோன்றும். அப்படியல்ல. சிகாகோ போகும் வழியில் டோனி ஒரு யோசனை சொன்னாராம்: எதிர்பார்க்கப்படுவதை யாரும் வாசிக்கக்கூடாது, ஏறவேண்டிய இடத்தில் இறங்கவேண்டும், எதிர்-இசை. அவருக்கு அப்போதுதான் இருபது வயது முடிந்திருந்தது. விடுதிக்குப் போனால் கொலம்பியா கம்பெனி ஒலிப்பதிவுக் கருவிகளோடு காத்திருக்கிறது. இருந்தும் பின்வாங்கவில்லை என்று ஹான்காக் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரவுக்கு இரவு வாசித்து நைந்துபோன மெட்டைத்தான் இப்படி உடைக்க முடியும். நிழலாக நின்றாலும் அடையாளம் தெரியும். புது மெட்டை உடைத்தால், உடைந்தது எது என்று கேட்பவனுக்கு எப்படித் தெரியும்?

22, 23 தேதிகளில் ஏழு அமர்வுகள். எல்லாம் வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். மைல்ஸின் உதடு பல இடங்களில் ஒத்துழைக்கவில்லை. சில அமர்வுகளில் பிடிவாதம் மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் ஷார்ட்டர் வாசிக்கும்போது ஹான்காக் பியானோவிலிருந்து கையை எடுத்துவிடுகிற இடங்கள் உண்டு. ஸ்வரக் கட்டின் தாங்கல் போய்விடுகிறது. ஷார்ட்டர் அவசரப்படுவதில்லை, ஒரு துணுக்கை எடுத்து அலுக்கும்வரை திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பின்னால் விடுதியின் கல்லாப்பெட்டி ஒலிக்கிறது.

ஸ்டூடியோவில் வேறு விதமான ஆபத்து. 1966இல் 'ஃப்ரீடம் ஜாஸ் டான்ஸ்' மெட்டின் துண்டுகளுக்கிடையே மைல்ஸ் இடைவெளிகளைச் செருகினார். பதிவு நாடாக்கள் 2016இல் முழுசாக வெளிவந்தபோது, ஒரே மூச்சில் பிறந்ததென்று நாம் நினைத்தது, நிறுத்தி, பேசி, மறுபடி தொடங்கி வந்தது என்று தெரிந்தது. அதே தட்டில் 'ஜிஞ்சர்பிரெட் பாய்' முடிந்ததும், அதைப் போட்டுக்காட்டும்படி தயாரிப்பாளர் டியோ மாஸெரோவிடம் கேட்கிற மைல்ஸின் கரகரத்த குரல் அப்படியே விடப்பட்டிருக்கிறது. வாசித்தவனே முதல் கேட்பவனாகவும் ஆகிவிடுகிற வசதி விடுதியில் கிடையாது.

1967 ஜூன் 7இல் பதிவான 'நெஃபர்டிட்டி' இதன் எல்லை. ஷார்ட்டரின் பதினாறு பார் மெட்டை ட்ரம்பெட்டும் ஸாக்ஸஃபோனும் கிட்டத்தட்ட எட்டு நிமிஷம் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. தனி வாசிப்பே இல்லை. மாறுவது அடியில் மட்டும்தான்: டோனியின் டிரம்ஸ் முனகி, கொதித்து, அடங்கி, மறுபடி எழுகிறது. ஜாஸின் உயிர் என்று சொல்லப்படுகிற தனி ஆவர்த்தனத்தை விடுதியில் இந்த அளவு துறக்க முடிந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொன்று. சிகாகோ நாடாக்களில் ஒரு பகுதி முதலில் 1976இல் ஜப்பானில் வந்தது. அமெரிக்காவில் எட்டுத் தட்டுகளாக முழுவதும் வந்தது 1995இல். மைல்ஸ் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை இந்தக் குழுவைப் பற்றித் தீர்ப்பு எழுதியவர்களில் பெரும்பாலோர் பாதியைத்தான் கேட்டிருந்தார்கள். அவர்கள் எழுதியதைப் படித்து ஜாஸை அறிந்துகொண்ட நம்மவர்கள் கேட்டது எவ்வளவு என்பதைப் பற்றி நான் இங்கே பேசவில்லை.