கீழ்ப்படிதலின் நகைச்சுவை

தென்மண்டலப் படைத் தலைமையகம் அமைந்த புனேயில், படைத்துறைக் கோப்புகளோடு வாழ்வோர் பலரைக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், ஆணை என்னும் சொல்லின் கனத்தை அறிவோம். ஆதலின் செக் எழுத்தாளர் யாரோஸ்லாவ் ஹாஷெக் படைத்த 'நல்ல போர்வீரன் ஷ்வெய்க்' நமக்கு அந்நியனல்லன்.

1921இல் வெளிவரத் தொடங்கிய இந்நாவல், 1923இல் ஆசிரியர் மறைந்தமையால் முற்றுப்பெறவில்லை. முதல் உலகப்போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் படையில் சிக்கிய ஷ்வெய்க், ஆணை எதனையும் மறுப்பதில்லை. எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறான். அதனாலேயே ஆணையின் பொருளின்மை அம்பலமாகிறது. அதிகாரி சினந்தால் ஊர்க்கதையொன்றைத் தொடங்கிவிடுவான். நாவலின் உயிர் அக்கதைகளே.

1928இல் பெர்லினில் இதனை மேடையேற்றிய பிஸ்கேட்டர், அரங்கில் ஓடும் பட்டைகளை அமைத்தார். தன் படைப்பிரிவைத் தேடி ஷ்வெய்க் நடந்துகொண்டேயிருக்கிறான். இடம் மட்டும் பெயர்வதில்லை. போரின் வீண்மையை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது. 1950களில் கரேல் ஸ்டெக்லி இயக்கிய திரைப்படங்களிலோ, ருடால்ப் ஹ்ருஷின்ஸ்கியின் கள்ளமற்ற முகமே பேசுகிறது. அது பேதையின் முகமா, மேதையின் முகமா? நாவல் எழுப்பும் அவ்வினா அங்கும் உயிரோடிருக்கிறது.

மேடைக்கு அசைவும் திரைக்கு முகமும் வாய்த்தன. கதைகளின் நீட்சியோ ஏட்டிலேயே தங்கிற்று. அதிகாரத்தின்முன் எளியவனுக்கு எஞ்சிய பேச்சுரிமை அக்கதைகளே. அவற்றைச் சுருக்கினால் நகைப்பு விரைவில் வரும். அவன் குரல் குறைந்துவிடும். ஆகவே, படம் பார்த்தோரும் நாவலை நாடுதல் வேண்டும் என்போம்.